இந்தோனேசியாவுக்கென்று ஒரு தத்துவம் உண்டா?

சென்ற வாரம் எங்கள் துறையில் நடந்த சிறு கருத்தரங்கொன்றில், தென்கிழக்காசியச் சிந்தனை வரலாறு குறித்து நான் பேசி முடித்ததும் முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: “இந்தோனேசியாவுக்கென்று தனித் தத்துவம் ஏதேனும் உண்டா? நாம் கொடுத்தது, அரேபியர் கொடுத்தது, டச்சுக்காரர் கொடுத்தது எல்லாம் போக மிச்சம் ஏதாவது இருக்கிறதா?” அரங்கில் சிரிப்பு எழுந்தது. நேரம் முடிந்துவிட்டதால் அரைகுறையாக ஏதோ சொல்லி அமர்ந்தேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இந்த நீண்ட பதிவு. நேரமும் பொறுமையும் உள்ள நண்பர்கள் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். இக்கேள்வியை இந்தோனேசியர்களே ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். “உண்டு” என்று ஐயத்துக்கிடமின்றி விடையளித்து நூலெழுதியவர் நஸ்ருன். மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவு சமூகத்தைச் சேர்ந்த பேராசிரியர். மினாங்கபாவு வழக்காற்றின் தத்துவ அடிப்படை குறித்து 1957-இல் ஒரு நூல் எழுதினார். பத்தாண்டு கழித்து, 1967-இல், ‘ஃபல்சஃபா இந்தோனேசியா’ வெளிவந்தது. அவர் வாதம் எளிமையானது. கிரேக்கத்தில் வேர்கொண்ட மேலைத் தத்துவம் ஒன்று. இந்தியா, சீனா முதலிய நாடுகளின் கீழைத் தத்துவம் மற்றொன்று. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று இந்தோனேசியாவுடையது. அதற்கு அவர் காட்டும் சான்றுகள் ஊர்வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டவை: ‘அதாத்’ என்னும் வழக்காற்றுச் சட்டம், கலந்துபேசி ஒருமனப்படும் ‘முஃபாகாத்’, ஊர்கூடி உழைக்கும் ‘கோத்தோங் ரோயோங்’, குடும்ப உணர்வு, ‘பந்துன்’ என்னும் நான்கடிப் பாடல்கள், இறைநம்பிக்கை, பஞ்சசீலம்.

நஸ்ருனின் நூல் வெளிவந்த அதே 1967-இல் யோக்யகார்த்தாவின் கஜா மாடா பல்கலைக்கழகத்தில் தத்துவப் புலம் தொடங்கப்பட்டது. 1980-களில் அங்கிருந்து சுனோதோ, பர்மோனோ ஆகியோர் இந்தோனேசியத் தத்துவத்தின் கூறுகளைத் தேடித் தொகுக்கும் நூல்களை வெளியிட்டனர்.

அடிமைப்பட்டிருந்த ஒரு நாடு விடுதலைக்குப் பின் இப்படித் தேடுவது இயல்பு, நாமும் தேடினோம். ஆயினும் நஸ்ருனின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்று பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ‘அதாத்’ அரபுச் சொல். ‘முஃபாகாத்’ அரபுச் சொல். அதனோடு இணைபிரியாமல் வழங்கும் ‘முஷாவரா’வும் அரபுச் சொல்லே. ‘பஞ்சசீலம்’ சமஸ்கிருதம். ‘ஃபல்சஃபா’ கிரேக்கத்தில் பிறந்து அரபு வழியாக வந்தது. ‘இந்தோனேசியா’ என்ற நாட்டின் பெயரே 1850-இல் இரு பிரித்தானிய எழுத்தாளர்கள் கிரேக்கச் சொற்களை இணைத்து ஆக்கியது. பட்டியலில் மண்ணின் மணம் மாறாத சொற்களென்று ‘பந்துன்’, ‘கோத்தோங் ரோயோங்’ போன்ற சிலவே தேறும். இதைச் சுட்டுவது ஏளனத்துக்காக அன்று. தூய்மையைத் தேடி நிலத்தைத் தோண்டுபவர், தோண்டும் ஆழமெல்லாம் வெளியூர்ச் சரக்கையே காண்பார். எழுநூறு மொழிகள் பேசப்படும் ஒரு தீவுக்கூட்டத்தில், இரு பெருங்கடல்களுக்கிடையேயான வணிகப் பாதையில், வேறெதையும் எதிர்பார்க்க இயலாது.

சொல்லை விடுவோம். பொருளாவது உள்ளூரில் விளைந்ததா? ‘இந்தோனேசியச் சிந்தனையின் சாரம் இணக்கமே’ என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்றால் 1945-ஆம் ஆண்டு மே மாத இறுதிக்கு வந்து சேர்கிறோம். ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கடைசி மாதங்கள். விடுதலைக்கான ஆயத்தப் பணிகளை ஆராயும் குழு ஜகார்த்தாவில் கூடியிருக்கிறது. தலைவர் ராஜிமான் வெத்யோதினிங்ராத் உறுப்பினர்களிடம், அமையப்போகும் அரசின் அடிப்படை என்ன என்று கேட்கிறார். மே 31 அன்று சுபோமோ என்ற சட்ட அறிஞர் பேசினார். அரசும் மக்களும் ஒரே உடல், ஒரே குடும்பம். இதுவே இந்தோனேசிய மக்களின் உள்ளியல்பு. ஆகவே தனிமனிதருக்கு அரசுக்கெதிரான உரிமைகள் என்று எதையும் எழுதிவைக்கத் தேவையில்லை என்பது அவர் நிலை.

அந்த உள்ளியல்பை விளக்க அவர் எடுத்தாண்ட பெயர்கள் ஸ்பினோசா, ஆடம் முல்லர், ஹெகல்! எடுத்துக்காட்டாகச் சொன்ன அரசுகள் அன்றைய ஜெர்மனியும் ஜப்பானும். சுபோமோ 1927-இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அங்கே வழக்காற்றுச் சட்ட ஆய்வை ஒரு துறையாகவே வளர்த்தெடுத்தவர் வான் ஃபோலன்ஹோவன். தீவுக்கூட்டத்தைப் பத்தொன்பது வழக்காற்று வட்டாரங்களாகப் பிரித்து, குடியேற்ற அரசு இவற்றின் மேல் கைவைக்கக்கூடாது என்று வாதாடியவர், அவ்வகையில் மதிக்கத்தக்கவர். ஆனால் அவர் மரபு உருவாக்கிய சித்திரத்தில் ஊர் என்பது பூசலற்ற, முரணற்ற, ஓருயிர் போன்ற அமைப்பு. ஜெர்மானியக் கற்பனாவாதத்தின் சாயல் அதில் அழுத்தமாகப் படிந்திருந்தது. இந்தோனேசியாவின் ‘தொன்மையான’ ஒருமனம் லெய்டன் வகுப்பறையில் வடிவம் பெற்று ஊர் திரும்பியதென்று டேவிட் பூர்ச்சியர் முதலிய ஆய்வாளர்கள் விரிவாகவே காட்டியுள்ளனர்.

இங்கேதான் ஹத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். முகமது ஹத்தாவும் மினாங்கபாவு மண்ணின் பிள்ளை, நெதர்லாந்தில் படித்தவர். ஜூலை 15 அன்று அதே குழுவில் அவர் எழுந்து, உரிமைகளை எழுதாமல் விட்டால் நாளை இது அதிகார அரசாக மாறிவிடும் என்று எச்சரித்தார். சமரசமாகப் பிறந்ததே 1945 அரசமைப்பின் 28-ஆம் பிரிவு: சங்கம் சேரவும் கூடவும் கருத்துரைக்கவும் உள்ள உரிமை ‘சட்டத்தால் வகுக்கப்படும்’. அளித்தது போலவும் இருக்கும், அளிக்காதது போலவும் இருக்கும்.

என்னைக் கவர்வது ஹத்தா வாதாடிய முறை. “இவை மேலைநாட்டு உரிமைகள், நமக்கும் வேண்டும்” என்பதோடு அவர் நிற்கவில்லை. 1932 முதலே அவர் எழுதிவந்த கருத்து வேறு: நம் ஊர்களில் கூடிப் பேசும் வழக்கம் இருந்தது, ஒருவருக்கொருவர் உதவும் வழக்கம் இருந்தது, அநீதி கண்டால் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவிக்கும் வழக்கமும் இருந்தது, கொடிய அரசனை விட்டு வேறு நாட்டுக்குப் பெயர்ந்துவிடும் உரிமையும் இருந்தது. சுபோமோ பார்த்த அதே ஊரையே ஹத்தாவும் பார்த்தார். ஒருவர் கண்டது ஒருமனம். மற்றவர் கண்டது மறுப்பு. 1960-இல் சுகார்னோவின் ‘வழிநடத்தப்படும் மக்களாட்சி’யைக் கண்டித்து ‘நமது மக்களாட்சி’ என்ற கட்டுரையை ஹத்தா எழுதியபோது அது தடைசெய்யப்பட்டது. இத்தனைக்கும் அவர் மேலைச் சிந்தனையை ஒதுக்கியவர் அல்லர். கிரேக்கச் சிந்தனை குறித்து அவர் எழுதிய நூலே 1945 நவம்பரில் நடந்த அவர் திருமணத்தில் மணக்கொடையாக அளிக்கப்பட்டது.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். இந்தோனேசியர்கள் எதில் ஒத்துப்போனார்கள் என்று தேடாமல், எதைப் பற்றி வாதிட்டார்கள் என்று தேடினால் என்ன? அப்போது தீவுக்கூட்டத்தின் வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகிறது.

வடசுமாத்திராவின் ஹம்சா ஃபன்சூரியிடமிருந்து தொடங்கலாம். அரபும் பாரசீகமும் அறியாதவர்க்குப் புரியவேண்டும் என்பதற்காகவே மலாய் மொழியில் எழுதுவதாகச் சொன்ன சூஃபிக் கவி அவர். கடலும் அலையும் வேறல்ல என்ற உவமையால் இறைவனுக்கும் உலகுக்குமான உறவை விளக்கினார். அவர் பெயரிலுள்ள ஃபன்சூர், கற்பூரத்துக்குப் புகழ்பெற்ற பாரூஸ் துறைமுகம். ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த லோபு துவா அப்பகுதியிலேயே உள்ளது. ஆனால் இதைக் கொண்டு ஹம்சாவை நம்மவராக்க முயலவேண்டாம். அவர் வாதம் நடந்த களம் வேறு.

அந்தக் களத்துக்கு 1637-இல் எதிர்வாதி ஒருவர் கப்பலேறி வந்தார். குஜராத்தின் ராந்தேரில் பிறந்த நூருத்தீன் ரானிரி. ஆச்சே சுல்தான் இஸ்கந்தர் தானியின் ஆதரவைப் பெற்று, ஹம்சாவும் அவர் வழிவந்த பாசாய் ஷம்சுத்தீனும் படைப்பையும் படைத்தவனையும் ஒன்றாக்கிவிட்டனர் என்று குற்றஞ்சாட்டினார். நூல்கள் எரிக்கப்பட்டன. கருத்தைக் கைவிட மறுத்தோர் கொல்லப்பட்டனர். கதை அத்துடன் முடியவில்லை. சுல்தான் மறைந்தபின் அவர் மனைவி சஃபியத்துத்தீன் அரியணை ஏறினார். 1643-இல் மினாங்கபாவு மரபினரான சைஃபுர்ரிஜால் என்ற அறிஞர் சூரத்திலிருந்து திரும்பிவந்து ரானிரியோடு பொதுவாதத்தில் இறங்கினார். ஆச்சே பிளவுபட்டது. சமய நுணுக்கங்களில் தீர்ப்புச் சொல்லும் தகுதி தனக்கில்லை என்று அரசி விலகிக்கொண்டார். மறு ஆண்டே ரானிரி ஊர் திரும்பினார். ஹம்சாவின் எழுத்துகள் அழியவில்லை. மறுப்பதற்காகப் பகைவரே எடுத்தாண்ட பகுதிகளும் இன்று ஆய்வாளர்க்குத் துணையாகின்றன.

சாவகத்துக்கு வருவோம். அங்கே மெய்ந்நெறியைப் பாடும் ‘சுலுக்’ பாடல்களை ஆராய்ந்து, டச்சு யேசு சபைத் துறவி ஸூட்மூல்டர் 1935-இல் லெய்டனில் ஆய்வேடு அளித்தார். ஒருமைவாதத்தின் நுண்ணிய வேறுபாடுகள் அப்பாடல்களில் எப்படி அலசப்படுகின்றன என்பதே அவ்வாய்வின் பொருள். நாடகத்தன்மை மிக்கது ‘செராத் சபோலெக்’ என்ற நூல்; சுரகார்த்தா அரசவைப் புலவர் முதலாம் யசாதிபுராவின் ஆக்கமாகக் கருதப்படுவது. வடகரையின் ஹாஜி முத்தமாகின் உள்மெய்யை வெளிப்படையாகப் போதித்து சமயச் சட்டத்தைப் புறக்கணித்தார் என்று உலமாக்கள் குற்றஞ்சாட்டுகின்றனர். எரித்துக் கொல்லவேண்டும் என்ற குரலும் எழுகிறது. அரசர் மன்னிக்கிறார். பின்னர் நடக்கும் வாதத்தில் சட்டத்தின் காவலரான குதூஸ் நகரத்துக் கெதிப் அனோம் எதைக் கொண்டு முத்தமாகினை மடக்குகிறார் தெரியுமா? வீமன் தன்னினும் சிறிய தேவருச்சியின் செவிவழியே உள்ளே நுழைந்து அண்டம் முழுவதையும் காணும் பழஞ்சாவகக் கதையின் உட்பொருளைக் கொண்டு. இஸ்லாமியச் சட்டத்தின் சார்பாளர் வீமன் கதையை விளக்கி வெல்கிறார். எது உள்ளூர், எது வெளியூர் என்ற கேள்விக்கு அந்த அவையில் இடமே இல்லை. கதையின் பொருளை யார் ஆழமாக அறிந்தவர் என்பதே கேள்வி. நூலில் தோற்ற முத்தமாகினைக் கஜென் ஊர் மக்கள் இன்றும் மகானாகப் போற்றுகின்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நூல் தீர்ப்புச் சொன்ன பிறகும் வழக்கு நடக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் வாதம் இதழ்களுக்கு இடம்பெயர்ந்தது. 1935-இல் ‘புஜாங்கா பாரு’ இதழில் சுத்தான் தக்தீர் அலிஷாபானா ஒரு கட்டுரை எழுதினார். இந்தோனேசியா என்பது இருபதாம் நூற்றாண்டில் பிறந்த புதிய உணர்வு. போரோபுதூரும் மஜபாகித்தும் அதற்கு முந்தைய வேறொரு காலத்தவை. இனி நாம் மேற்கிடம் கற்கவேண்டும், அறிவைத் தீட்டவேண்டும், தனிமனிதரை எழுப்பவேண்டும் என்றார். சனூசி பானே மறுத்தார். 1929-ஐ ஒட்டி இந்தியாவில் தங்கிவந்த கவி அவர். வரலாறு அறுந்துபோவதில்லை, நேற்றின் தொடர்ச்சியே இன்று என்று வாதிட்டார். மேற்கின் உருவம் ஃபாஸ்ட், கிழக்கின் உருவம் அர்ச்சுனன். இருவரையும் இணைப்பதே இலட்சியம் என்றார். தாமான் சிஸ்வா பள்ளிகளை நிறுவிய கி ஹஜார் தேவந்தாரா முதலியோரும் வாதத்தில் கலந்தனர். பின்னர் 1948-இல் இக்கட்டுரைகள் ‘பண்பாட்டு வாதம்’ என்ற பெயரில் ஒரே நூலாயின. இந்தோனேசியத் தத்துவத்துக்கு அறிமுக நூல் கேட்பவர்க்கு நான் முதலில் பரிந்துரைப்பது இத்தொகுப்பையே. ஒன்றையொன்று மறுக்கும் கட்டுரைகள் ஒரே அட்டைக்குள் அமர்ந்திருப்பது அதன் சிறப்பு.

இவர்கள் எல்லோரையும் விடத் தனித்து நிற்பவர் தான் மலாக்கா. அவரும் மினாங்கபாவுக்காரர். 1942 ஜூலை முதல் 1943 மார்ச் வரை, ஜப்பானியர் கண்ணில் படாமல் பொய்ப்பெயரில் ஜகார்த்தாவின் ராவாஜாத்தியில் ஒரு குடிசையில் தங்கி, நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று மணிநேரம் வீதம் ‘மதிலோக்’ என்ற பெருநூலை எழுதினார். பொருள்முதல்வாதம், இயங்கியல், தருக்கம் என்ற மூன்றின் முதலெழுத்துகளே அப்பெயர். நாடுகடந்து அலைந்த ஆண்டுகளில் புத்தகங்களை இழந்திருந்ததால், நினைவுக் குறிப்புச் சொற்களைக் கோத்து மனத்தில் பதித்து வைத்திருந்தவற்றைக் கொண்டே எழுதினார். அவர் தாக்கியது ‘மாயத் தருக்கம்’ என்று அவர் அழைத்த மனப்பழக்கத்தை: நிகழ்வுகளின் காரணத்தை இயற்கையில் தேடாமல் ஆவிகளிடமும் அருவங்களிடமும் தேடுவதை. கிழக்கின் ஆன்மீகம் என்று பிறர் போற்றியதையே அடிமைத்தனத்தின் வேரென்றார் அவர். 1949 பிப்ரவரியில் கிழக்குச் சாவகத்தின் செலோபங்குங் சிற்றூரில், எந்தக் குடியரசை முதலில் கனவு கண்டவர்களுள் அவர் ஒருவரோ அந்தக் குடியரசின் படைவீரர்களே அவரைச் சுட்டுக்கொன்றனர். 1963-இல் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார். அடுத்து வந்த சுகார்த்தோ ஆட்சியில் அவர் பெயர் பாடநூல்களில் மங்கிப்போயிற்று.

நஸ்ருன், ஹத்தா, தான் மலாக்கா: ஒரே சமூகத்தின் மூவர். ஒருவர் ஊரில் ஒருமனத்தைக் கண்டார். ஒருவர் எதிர்ப்பைக் கண்டார். ஒருவர் ஊரின் மனப்பழக்கத்தையே உடைக்க வேண்டுமென்றார். மினாங்கபாவு மனம் என்று ஒன்றைக்கூட வரையறுக்க இயலாதபோது இந்தோனேசிய மனம் என்று ஒன்றை எப்படி வரையறுப்பது?

இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. 1945 ஜூன் 1 அன்று சுகார்னோ ஐந்து கொள்கைகளை முன்வைத்தபோது அது ஓர் உரையாடல். பலதரப்பாரை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் முயற்சி. காந்தியையும் சுன் யாட் சென்னையும் தம் ஆசான்களாகக் குறிப்பிட்டு, ஐந்து வேண்டாமென்றால் மூன்றாக்கலாம், மூன்றும் வேண்டாமென்றால் ‘கோத்தோங் ரோயோங்’ என்ற ஒன்றாக்கலாம் என்றுகூடச் சொன்னார். சுகார்த்தோ ஆட்சியில் அந்த நெகிழ்ச்சி இல்லை. 1966-இல் மார்க்சிய-லெனினியப் போதனை தடைசெய்யப்பட்டது. இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்ட பேரழிவின் ஈரம் காயாத காலம் அது. 1978 முதல் பஞ்சசீலப் பயிற்சி வகுப்புகள் அரசு ஊழியர்க்கும் மாணவர்க்கும் கட்டாயமாயின. 1985-இல் எல்லா அமைப்புகளும் பஞ்சசீலத்தையே தம் ஒரே அடிப்படையாக ஏற்கவேண்டுமென்று சட்டம் வந்தது. இணக்கமே நம் தேசிய இயல்பு என்று முடிவானபின், இணங்காதவர் எதிர்க்கருத்துடையவராக அன்றி அந்நியராகக் காணப்பட்டார். ‘இது நம் பண்பாட்டில் இல்லை’ என்ற ஒரு வாக்கியம் போதும்; வாதத்துக்கு விடை சொல்லவேண்டிய கடமை தீர்ந்தது. 1998-இல் சுகார்த்தோ வீழ்ந்தபின்னரே அப்பயிற்சிகள் கைவிடப்பட்டன. நஸ்ருனோ அவர் வழிவந்த பேராசிரியர்களோ இதற்குப் பொறுப்பென்று நான் சொல்லவில்லை. அவர்கள் தேடியது தன்மானம். ஆனால் இணக்கத்தைச் சாரமாக்கும் பட்டியல் எதுவும் ஆள்வோர் கைக்கு எளிதில் பொருந்திவிடும் என்பதை மறக்கலாகாது.

இறுதியாக, அந்த மாணவர் சொன்ன “நாம் கொடுத்தது” என்ற சொற்றொடர். 1926-இல் கல்கத்தாவில் தொடங்கிய ‘கிரேட்டர் இந்தியா சொசைட்டி’ காலம் முதல் நம்மிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. சாவகத்தில் ஒரு சமஸ்கிருதச் சொல்லைக் கண்டால் அதை நம் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். இந்தியக் குடியேற்றம் என்ற அந்தக் கொள்கையை டச்சு அறிஞர் போஷ் 1946-லேயே தம் லெய்டன் உரையில் கேள்விக்குள்ளாக்கிவிட்டார். சொற்களையே பாருங்கள். நமக்கு ஆகமம் ஒருவகை நூல். அவர்களுக்கு ‘அகாமா’ என்றால் சமயம். நமக்குச் சாத்திரம், அவர்களுக்கு ‘சாஸ்த்ரா’ இலக்கியம். நமக்கு நகரம் ஊர். அவர்களுக்கு ‘நெகாரா’ அரசு. வாங்கியவர் கையில் சொல் உழைத்து வேறாகியிருக்கிறது. அந்த உழைப்பே அவர்கள் தத்துவம். மஜபாகித்தின் தந்துலார் சிவனும் புத்தரும் இரண்டல்லர் என்று சொல்லப் பயன்படுத்திய தொடர், இன்று பல இனங்களின் குடியரசுக்கு இலச்சினை வாசகமாக நிற்பதும் அத்தகைய உழைப்பே.

ஆகவே மாணவரே, அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது. உண்டு. ஆனால் மிச்சத்தில் தேடாதீர்கள். எல்லாவற்றையும் கழித்தபின் எஞ்சுவது எது என்ற கணக்கில் இந்தியாவும் தேறாது, கிரேக்கமும் தேறாது. ஆச்சே அரசவையிலும் சாவக மன்றத்திலும் 1935-இன் இதழ்ப் பக்கங்களிலும் 1945-இன் குழு நடவடிக்கைகளிலும் யார் யாரை மறுத்தார்கள், எதன்பொருட்டு மறுத்தார்கள் என்று படியுங்கள். எரிக்கப்பட்ட நூல்களையும் தடைபட்ட கட்டுரைகளையும் சேர்த்துப் படியுங்கள்.

நண்பர்கள் யாருக்கேனும் இதில் மறுப்பிருந்தால் கீழே எழுதுங்கள். குறிப்பாக, நஸ்ருனுக்கு நான் நியாயம் செய்யவில்லை என்று கருதுவோர் அவசியம் எழுதவேண்டும். இப்பொருளில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போனால் எனக்குத்தான் சங்கடம்.